என் மகளின் கண்ணை ரிஜெக்ட் செய்த டாக்டர்

சில வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கி. எங்கள் ஒரே மகளுக்குத் தை மாதக் கடைசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு அண்ணனூரில், மின்சார ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் ஷெட்டில் வேலை. வீடு பட்டாபிராமில். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை நடத்தி ஆளாக்கியிருந்தார். அந்த அம்மாள் பேசிய அசல் மெட்ராஸ் தமிழைக் கேட்டு, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த என் மனைவி முதல் நாள் கொஞ்சம் மிரண்டுதான் போனாள். எனக்கோ அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த அனுபவம் புரியாது. தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. கனரக வண்டிகளுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து, இழைத்து எங்கள் மேஜைக்கு அனுப்புவார்கள். நாங்கள் அளந்து பார்ப்போம். சரியாக இருந்தால் முத்திரை. இல்லையென்றால் பிரஷ்ஷைச் சிவப்புப் பெயின்ட்டில் தொட்டு ஒரு பட்டை இழுத்துவிடுவேன். அதோடு அந்தப் பாகம் ரிஜெக்ட். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘செவப்பு டப்பா’ என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அளவு லேசாகத் தப்பிய பாகத்தையும் பரவாயில்லை என்று விதிவிலக்காக ஏற்றுக்கொள்வது உண்டு. எங்கள் பாஷையில் அதற்கு டீவியேஷன் என்று பெயர். உற்பத்திப் பிரிவு ஆட்கள் அதைக் கேட்டு டீயும் பிஸ்கட்டுமாக வந்து நிற்பார்கள். ஒரு முடி அளவுதான் சார், பார்த்துப் பண்ணுங்க என்பார்கள். நான் டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, முடியாது என்பேன். இன்றைக்கு முடி அளவுதான், வண்டி ஓட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று ஒரே பாட்டைத்தான் வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணாடி. இப்போதெல்லாம் நிச்சயதார்த்தம் முடிந்தால் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுப்பது போல, லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றிவிடுவதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவள் ஆபீஸில் கல்யாணமான தோழிகள் இரண்டு மூன்று பேர் செய்துகொண்டிருந்தார்கள். நெற்றிச்சுட்டிக்கும் கண்ணாடிக்கும் பொருந்தவே பொருந்தாது என்று என் மனைவியும் கட்சி சேர்ந்துகொண்டாள். மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும், மாப்பிள்ளைக்கு மட்டும் மூச்சுக் காட்டக் கூடாது, மணவறையில் அவள் முகத்தை நிமிர்த்தும்போதுதான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பது திட்டம். நானும் சரி என்று தலையாட்டினேன். மகள் கேட்டால் செவப்பு டப்பாவுக்கு மூடி தானாகக் கழன்றுவிடும்.

ஆஸ்பத்திரி அம்பத்தூரில். அவளும் நானும் மின்சார ரயிலில் கிளம்பினோம். ஆவடியை அடுத்து அண்ணனூர். வண்டி அங்கே நின்றதும் துப்பட்டாவை எடுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை எந்த ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து என்ன முடுக்கிக்கொண்டிருக்கிறானோ, அவனுக்கு உன்னைப் பார்க்க ஏதும்மா நேரம் என்று நான் கிண்டல் செய்தபடியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பல பரிசோதனைகள். கடைசியாக ஒரு மெஷின். அதில் தாடையை வைத்து, வட்டம் வட்டமாகத் தெரிகிற வெளிச்சத்தின் நடுவே இமைக்காமல் பார்க்கச் சொன்னார்கள். அது கருவிழியின் வடிவத்தையும் கனத்தையும் அளந்து ஒரு வரைபடமாகத் தருமாம். டாக்டர் ஒரு பெண்மணி. என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அந்தப் படத்தை எங்களுக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். இரண்டு கண்ணும் இரண்டு வட்டங்கள். இடது கண்ணில் பெரும்பாலும் பச்சை. வலது கண்ணில் பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டி, கீழ்ப்பக்கமாக ஒரு திட்டுச் சிவப்பு.

டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே என் பார்வை அந்தத் திட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பைப் பார்த்தால் ரிஜெக்ட் என்று பழகிய கண் அல்லவா என்னுடையது?

அவர் பொறுமையாக விளக்கினார். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளைந்திருக்க வேண்டும். இவளுக்கு வலது கண்ணில் கீழ்ப்பக்கம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கிறது, அதே இடத்தில் கனமும் குறைவாக இருக்கிறது. கெரட்டோகோனஸ் என்ற கோளாறின் ஆரம்பமாக இருக்கலாம். அதை இப்படியே விட்டால் கருவிழி மெதுவாகக் கூம்பு மாதிரி ஆகிக்கொண்டே போகும், பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. லேசர் என்பதோ கருவிழியைச் சீவி மெலிதாக்குகிற வேலை. ஏற்கெனவே மெலிந்த இடத்தில் அதைச் செய்தால் புடைப்பு வேகமாக வளர்ந்துவிடும். அதனால் லேசர் வேண்டாம் என்றார்.

மகள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா? எத்தனை தடவை அளந்தீர்கள், மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அளக்கும்போது இவள் அசைந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். மேஜைக்கு அடியில் மகள் என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவே இல்லை. தானும் அதைத்தான் சொல்ல வந்ததாகச் சொல்லிவிட்டு, கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் உண்டா என்று மகளைக் கேட்டார். நிச்சயதார்த்தத்துக்கு வாங்கியதை அவ்வப்போது போட்டுக்கொண்டுதான் இருந்தாள். லென்ஸ் அழுத்தினாலும் வடிவம் கொஞ்சம் மாறிக் காட்டும், ரெண்டு வாரம் அதைத் தொடாமல் இருந்துவிட்டு வாருங்கள், மறுபடி அளந்து பார்த்து முடிவு செய்யலாம், பழைய கண்ணாடிகள் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வேறென்ன, அந்த லென்ஸ்தான் காரணம், பாழாய்ப்போன லென்ஸ் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். தீபாவளியும் வந்து போனது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அதுவரை பார்த்தும் பார்க்காத ஒன்று என் கண்ணில் பட்டது. நாங்கள் கிளம்பும்போது டாக்டர், கண்ணைக் கசக்குவாயா என்று மகளிடம் கேட்டிருந்தார். இல்லையே என்று அவளும் சொல்லியிருந்தாள். வீட்டில் கவனித்தால், பொழுதுக்கும் கசக்கிக்கொண்டிருக்கிறாள். தூங்கி எழுந்ததும் கசக்கல், குளித்துவிட்டு வந்தால் கசக்கல், டிவி பார்த்தால் கசக்கல். அதுவும் விரல் முட்டியை வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி. சின்னப் பிள்ளையில் அதை ரசித்து உறவுக்காரர்களிடமெல்லாம் செய்து காட்டச் சொன்னவர்கள் நாங்கள்.

மறுபடி அம்பத்தூர். பழைய கண்ணாடிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துப் போனேன். எதையும் தூக்கி எறியாத புத்திக்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது. ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து, பவர் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். இடது கண் பெரிய மாற்றமில்லாமல் இருந்தது. வலது கண்ணுக்கு மட்டும், கருவிழி வளைவு சீராக இல்லாததை ஈடுகட்டும் சிலிண்டர் பவர் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஏறிக்கொண்டே வந்திருந்தது. கண்ணாடி மாற்றிய புதிதில் தெளிவாக இல்லை என்று அவள் சொன்னபோதெல்லாம், கடைக்காரர் சரியாக அளக்கவில்லை என்று ஆவடி மார்க்கெட்டில் இருந்த அந்த மனிதரோடு போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். அவரும் முகம் கோணாமல் திரும்பத் திரும்ப மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

புதிதாக எடுத்த படத்தையும் டாக்டர் திருப்பி வைத்தார். அதே சிவப்பு, அதே இடத்தில். லென்ஸ் மேல் போட்ட பழியெல்லாம் வீண். மகளின் கண் கலங்கியது. அவளைப் பார்த்ததும் என் நாக்கு என்னை அறியாமல் பேச ஆரம்பித்தது.

“ஆரம்பம்னுதானே டாக்டர் சொல்றீங்க. கொஞ்சம்தானே இருக்கு. கல்யாணப் பொண்ணு, ஆசைப்பட்டுட்டா. இந்த ஒரு தடவை பார்த்துப் பண்ணிடக் கூடாதா?”

சொல்லி முடித்த பிறகுதான் எங்கேயோ கேட்ட வசனமாக இருக்கிறதே என்று உறைத்தது. டீயும் பிஸ்கட்டும்தான் கையில் இல்லை.

டாக்டர் என்னை நேராகப் பார்த்தார். “இன்னிக்கு கொஞ்சம்தான் சார். லேசர் பண்ணினா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை உங்க பொண்ணு கண்ணுல நான் செய்ய மாட்டேன்.”

கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். “அப்பா, உங்கள மாதிரியே இன்னொருத்தங்க இருக்காங்கப்பா” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன விஷயம் என்று புரியாத டாக்டரிடம் செவப்பு டப்பா கதையைச் சொன்னாள். அவர் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இத்தனை காலம் நான் திருப்பி அனுப்பிய ஆட்கள் என்னை எப்படிச் சபித்திருப்பார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அதே சமயம், இந்த அம்மாவின் கையில் பிள்ளையின் கண்ணைத் தைரியமாக ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கையும் அங்கேயே பிறந்தது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நல்ல சேதிதான். சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், இந்தப் படம் எடுக்காமல் போயிருந்தால் பார்வை நன்றாகக் கெட்ட பிறகுதான் தெரிந்திருக்கும் என்றார். இப்போது கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறது. அதை அப்படியே காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கிராஸ் லிங்கிங் என்று பெயர். வைட்டமின் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவைத்து, புற ஊதா ஒளியைக் காட்டி, அந்தப் படலத்தை உறுதியாக்குவார்களாம். சிமென்ட் பூசிவிட்டு இறுக விடுவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். வலது கண்ணுக்கு அதை உடனே செய்துவிடலாம், இடது கண்ணை அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கண்ணாடி போகாது, கண்ணைக் கசக்கவே கூடாது என்ற இரண்டையும் மகளிடம் தனியாக அழுத்திச் சொன்னார். செய்த பிறகு சில நாள் வலி இருக்கும், வெளிச்சம் கூசும், தூசி ஆகாது, வீட்டோடு இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஓய்வெடுக்கச் சொன்ன அதே வாரம்தான் முகூர்த்தப் புடவை எடுக்க நாள் பார்த்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தரும் புடவை, மணப்பெண் கூட வந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டால் மார்கழி வந்துவிடும், மார்கழியில் யாரும் கல்யாணப் புடவை எடுக்க மாட்டார்கள். ஆக, சம்பந்தி அம்மாளிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றாள் என் மனைவி. கண்ணில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் நிச்சயம் பண்ணியதே நின்றுபோகும் என்று பயந்தாள். அந்தப் பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. இருந்தாலும், இருக்கிற குறையை மறைத்து அனுப்புவது சரியில்லை என்று சொன்னேன். “அவ என்ன உங்க பட்டறை உதிரி பாகமா?” என்று சீறினாள் மனைவி. நாங்கள் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், சாயங்காலம் அம்மாவோடு வருகிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாலையில் மாப்பிள்ளையின் பைக் வாசலில் நின்றது. சம்பந்தி அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தார். சமையலறையில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. என் மனைவி அடுப்பைப் பார்க்காமல் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி அம்மாள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சம்பந்தி, எழவு ஊட்டுல குந்திகினு கீற மேரி கீறீங்க” என்று ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா என்று என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். “பொண்ணு பாக்க வந்தப்போ கண்ணாடி போட்டுகினுதான கீந்துது? அதப் பாத்துதான எங்களுக்குப் புடிச்சிது? கண்ணு மொதல்ல ஆறட்டும். புடவக் கட எங்கியும் ஓடிப் பூடாது. தை பொறந்ததும் எடுத்துக்கலாம். ஜாக்கெட்டு தைக்க நம்மாண்ட ஆளு கீது.”

மாப்பிள்ளை மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அன்னிக்கி ட்ரெயின்ல துப்பட்டாவப் போட்டு மூஞ்ச மூடிகினு போனது நீதான?”

டியூட்டி முடிந்து அண்ணனூர் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார். பக்கத்தில் என்னையும் பார்த்திருக்கிறார். அவளாகச் சொல்லட்டும் என்று இத்தனை நாள் கேட்காமலே இருந்திருக்கிறார். மகள் வெட்கத்தில் உள்ளே ஓடினாள். என் மனைவி பொங்கியது போக மிச்சமிருந்த பாலில் காபி போட்டுக் கொண்டுவந்து, சம்பந்தி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன், துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் இரண்டு மூன்று நாள் மகள் துடித்துத்தான் போனாள். ஜன்னலையெல்லாம் சாத்தி, கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்திருந்தாள். பட்டாபிராமிலிருந்து தினமும் பைக்கில் இட்லியும் மிளகு ரசமும் வந்து இறங்கியது. அத்தை வைத்த ரசத்தின் காரத்திலேயே எனக்குக் கண் திறந்துவிட்டது என்று மகளால் கிண்டல் பேச முடிந்த அன்றுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது.

தை பிறந்ததும் புடவை எடுத்தோம். அவளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நல்ல அரக்குச் சிவப்பு. அப்பா, இதையாவது ரிஜெக்ட் பண்ணாதீங்க என்றாள். கல்யாணத்தன்று நெற்றிச்சுட்டிக்குக் கீழே கண்ணாடியோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள். லைட் பட்டு மின்னுகிறது, கண்ணாடியை மட்டும் கழற்றிவிடுங்கள் மேடம் என்று போட்டோகிராபர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைதான் அவரை நிறுத்தினார். “கழட்டிட்டா என் மூஞ்சி அதுக்கு எப்டிண்ணா தெரியும்? இன்னிக்கின்னு பாத்து அது என்னப் பாக்க வேணாமா?” என்றார். மேளக்காரர்கள் வரைக்கும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு தாலி ஏறியது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுத்த எல்லாக் கருவிழிப் படங்களிலும் ஒரே பதில்தான். வலது கண் இருந்த இடத்திலேயே நிற்கிறது, இடது கண்ணும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய படத்தையும் புதிய படத்தையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். நானும் விடாமல் கூடப் போய், அந்தச் சிவப்புத் திட்டு ஓரத்தில் ஒரு இழை நகர்ந்திருக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறேன். நகரவில்லை என்றதும், முத்திரை போட்டுவிடலாமா சார் என்று டாக்டரே கேட்கிறார். மகளின் கை கண் பக்கம் போனாலே போதும், பட்டாபிராம் வீட்டில் மாமியாரும் புருஷனும் ஒரே குரலில் “கை” என்கிறார்களாம்.

நான் ஓய்வு பெற்று, முத்தாபுதுப்பேட்டையில் சின்னதாக ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நிற்பேன். வருகிற பைக்கெல்லாம் எனக்கு இப்போது ஒன்று போலத்தான் தெரிகிறது. ஆனால் தெருமுனையில் திரும்பும்போதே, நான் அடையாளம் காண்பதற்கு முன்பே, பின் சீட்டிலிருந்து மகள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டிவிடுகிறாள். அந்தக் கை ஆடும்போதெல்லாம், அன்றைக்கு நான் அவ்வளவு கெஞ்சியும் டீவியேஷன் தர மறுத்த அந்த டாக்டருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.